ஏககாலத்தில்

பல்லி என்று அவனுக்குப் பெயர் வந்தது சுவர் ஏறும் லாவகத்தால். கழிவுநீர்க் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூன்றாம் மாடி வரை ஏறி, அங்கே ஒரு காலை ஜன்னல் விளிம்பில் ஊன்றி, மறு கையால் குழாய் முடுக்குவான். அவன் இருந்தால் சாரம் கட்டும் செலவு மிச்சம் என்பார்கள் கான்ட்ராக்டர்கள். அவன் போட்ட இணைப்பில் ஒரு சொட்டு கசியாது. வேலை சுத்தம், கைதான் சுத்தமில்லை என்று அவனுடைய அக்காவே சொல்வாள்.

முதல் முறை கட்டி முடியாத ஒரு லாட்ஜில் பித்தளைக் குழாய்களைக் கழற்றியபோது மாட்டிக்கொண்டான். இரண்டாம் முறை ஒரு தெரு முழுக்கத் தண்ணீர் மீட்டர்களைக் கழற்றினான். "அந்த மாசம் தெருவே ஓசியில தண்ணி குடிச்சுது. இவனுக்கு மாலை போட்டிருக்கணும், ஜெயில்ல போட்டுட்டாங்க" என்பாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள், ஆனால் அந்த இரண்டு முறையும் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்து கால் வீங்கியது அவளுக்குத்தான். அப்பா அம்மா போன பிறகு அவனுக்கு இருந்தது அவள் ஒருத்தி. கோழிக்கடையில் வெட்டுகிற வேலை அவளுக்கு. கல்யாணம் ஆகிப் பிரிந்து வந்தவள்.

பல்லி யாரையும் அடித்தவனில்லை. பிடிபட்டால் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொள்வான். "அடிக்காதீங்க, வந்துடறேன்." நான்கு அறை விழும், சில மாதம் உள்ளே இருப்பான், வெளியே வந்து மறுபடி ரெஞ்சை எடுப்பான்.

இரண்டாம் முறை தண்டனை முடிவதற்குள் புதுச் சட்டம் வந்துவிட்டது. எதைத் திருடினாலும் சரி, மூன்றாம் முறை குற்றம் நிரூபணமானால் பத்து வருஷம். குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் கிடையாது. விடுதலையான பிறகு ஒரு கையெழுத்துக்காகப் போனபோது, அவனுக்குத் தண்டனை கொடுத்த அதே நீதிபதியம்மா அவனைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இதுவரைக்கும் உன் முகத்தைப் பாத்து, வயசப் பாத்து ஏதோ குறைச்சுக் குடுத்தேன். இனிமே என்னால பாக்க முடியாது. பத்துன்னா பத்துதான். புரியுதா?"

"புரியுதுங்கம்மா."

அவனுக்குப் புரிந்துதான் இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு ஆணியைக்கூட எடுக்கவில்லை. பெரிய அடுக்குமாடி ஒன்றில் குழாய் வேலை கிடைத்தது. அங்கே வாட்ச்மேனாக இருந்தவர் முன்னாள் லாரி டிரைவர். ஒரு விபத்தில் கால் ஊனமாகி ஸ்டீயரிங்கை விட்டவர். வேலை மாறியும் பெயர் மாறவில்லை, எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். மத்தியானச் சோற்றை இருவரும் சிமென்ட் மூட்டைகள் மேல் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். டிரைவரின் மனைவி இரண்டு தெரு தள்ளி ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை பார்த்தாள். தினமும் சோற்று நேரம் தாண்டியதும் அவருக்குப் போன் வரும். சாப்பிட்டாரா என்று கேட்பாள். "கொள்ளை போறதக் காவல் காக்கறேன், என்னைக் காவல் காக்க ஒருத்தி" என்று அலுத்துக்கொள்வார். போன் வரத் தாமதமானால் அதை எடுத்து எடுத்துப் பார்ப்பார்.

கட்டடம் முடியும் தறுவாயில், வேலைக்காரர்கள் எல்லோருக்கும் போலீஸ் சான்று வேண்டும் என்று உரிமையாளர்கள் கேட்டார்கள். பல்லியைப் பற்றிய காகிதம் வந்ததும் கான்ட்ராக்டர் அவனைத் தனியே கூப்பிட்டார்.

"உன் வேலையில நான் குத்தம் சொல்ல மாட்டேன். உன் பேருதான் ஆகாது. நாளைலேந்து வராதே."

"சார், நான் இங்க ஒண்ணுமே எடுக்கல சார்."

"எடுத்திருந்தா இப்படி உக்கார வெச்சுப் பேசிட்டிருப்பேனா? போப்பா."

அடுத்த சில வாரங்கள் அவன் ஏறி இறங்காத கட்டடம் இல்லை. எங்கும் அதே காகிதம் அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. அக்கா கடையில் இறகு பிடுங்கச் சொன்னாள், அது ஒத்துவரவில்லை. குடிக்க ஆரம்பித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாதிப் போதையும் முழுக் கோபமுமாக, அதே அடுக்குமாடியின் பின்பக்கக் குழாயைப் பிடித்து ஏறினான். தான் மாட்டிய குழாய்களைத் தானே கழற்றிக்கொண்டு போவதில் ஏதோ ஒரு நியாயம் இருப்பதாக அவனுக்கு அப்போது பட்டது.

மூன்றாம் மாடிக் குளியலறையில் நான்காவது குழாயையும் கழற்றிப் பையில் போட்டபோது பின்னால் நிழல் தட்டியது. டிரைவர் மூச்சு வாங்க நின்றிருந்தார். ஊனக் காலோடு மூன்று மாடி ஏறி வந்திருக்கிறார்.

"டேய் பல்லி, நீயா? நான் எவனோன்னு நெனச்சேன். வெச்சுட்டு இறங்கிப் போடா. நான் பாக்கல."

பல்லி எழுந்தான். பை தோளில் கனத்தது. அவர் சொன்னது காதில் விழுந்தது. அந்த நிமிஷம் பையைக் கீழே போட்டிருந்தால் கதையே இல்லை. அப்போது பார்த்து அவர் கையிலிருந்த போன் அடித்தது. பழக்க தோஷம், அவர் அதைக் காதில் வைத்து "ம், சொல்லு" என்றார்.

பல்லிக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. போன், போலீஸ், பத்து வருஷம். கையிலிருந்த ரெஞ்ச் தானாக உயர்ந்தது என்று பிறகு சொன்னான். தானாக உயரவில்லை, அவன்தான் உயர்த்தினான்.

முதல் அடி தாடையில் விழுந்தது. காய்ந்த கட்டை பிளப்பது போல ஒரு சத்தம். டிரைவர் விழவில்லை. சுவரில் சாய்ந்து, ஒன்றும் புரியாதவராக அவனைப் பார்த்தார். வாயிலிருந்து ரத்தமும் ஒரு பல்லும் சட்டைமேல் வழிந்தன. அந்தப் பார்வையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அதை அணைத்துவிட வேண்டும் போல மறுபடி வீசினான். ரெஞ்சின் பல்வரிசை வலது கண்ணுக்குக் கீழே பதிந்து எலும்பை உள்ளே தள்ளியது. டிரைவர் புது வெள்ளை டைல்ஸில் சறுக்கி உட்கார்ந்தார். அப்போதும் அடித்தான். தோளிலும் முழங்கையிலும், தலையை மறைத்த விரல்கள் மேலும் அடித்தான். விரல்கள் மடங்கியபோதுதான் நிறுத்தினான்.

தரையில் கிடந்த போனிலிருந்து ஒரு பெண் குரல் கத்திக்கொண்டிருந்தது. "என்னங்க? என்னங்க சத்தம்? சாப்ட்டீங்களான்னுதானே கேட்டேன்? என்னங்க!"

பல்லி பையை எடுத்துக்கொண்டு படி வழியாகவே ஓடினான்.

ஞாயிறு மத்தியானம் என்பதால் கோழிக்கடையில் கூட்டம் ஓய்ந்திருந்தது. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். அக்கா வெட்டுக்கத்தியால் கட்டையைச் சுரண்டிக் கழுவிக்கொண்டிருந்தாள். தம்பி பின்வாசல் வழியாக நுழைந்ததும் முதலில் பையைப் பார்த்தாள், பிறகு சட்டையை. கோழி ரத்தம் எது, மனுஷ ரத்தம் எது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"யாரோடதுடா இது?"

அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "யாரோடதுடா?"

"டிரைவரு. அதே கட்டடம், மூணாவது மாடில. அவரு போன் எடுத்துட்டாருக்கா. பத்து வருஷம்கா. பத்து வருஷம்."

"உயிர் இருக்கா?"

"தெரியல."

"தெரியலன்னா? பாக்காமயா வந்தே?"

"பணம் ஏதாவது குடு, நான் கிளம்பறேன். வேற யாரும் என்னைப் பாக்கல. அவரு செத்துட்டா..." அவன் நிறுத்தினான். ஆனால் வாயை விட்டு வந்துவிட்டது.

அக்கா இவ்வளவு காலம் இவனுக்காக யார் யாரிடமோ கையேந்தியிருக்கிறாள், திருடனுக்கு அக்கா என்று பெயர் வாங்கியிருக்கிறாள். அப்போதெல்லாம் அவள் மனசில் ஒன்று மட்டும் உறுதியாக இருந்தது, இவன் கெட்டவன் இல்லை என்று. அவன் பின்வாசல் பக்கம் திரும்பினான். அவள் கத்தியைப் புரட்டிப் பிடித்து, அதன் முதுகால் அவன் கணுக்காலில் ஓங்கி ஒரு போடு போட்டாள். எலும்பு நொறுங்கியது அவளுக்குக் கைப்பிடி வரை தெரிந்தது.

அவன் ஊளையிட்டுக்கொண்டு இறகுக் குவியலில் விழுந்தான். கூண்டிலிருந்த கோழிகள் சிறகடித்துக் கதறின.

"அக்கா! கால் போச்சுக்கா!"

"இப்ப ஓடுடா, பாக்கலாம்" என்றாள். பின்கதவைத் தாழிட்டு, வெளியே வந்து ஷட்டரை இழுத்துப் பூட்டினாள். ஆம்புலன்ஸுக்குப் போனில் சொல்லிக்கொண்டே அந்தக் கட்டடத்துக்கு ஓடினாள்.

அவள் மூன்று மாடியும் ஏறிப் போனபோது அங்கே ஏற்கெனவே ஒரு பெண் இருந்தாள். விடுதிச் சமையலறையிலிருந்து செருப்புகூட இல்லாமல் ஓடி வந்த டிரைவரின் மனைவி. அவர் தலையை மடியில் வைத்து, முந்தானையைச் சுருட்டிக் கண் இருந்த இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தாள். அழவில்லை. "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வந்தவள் யார் என்று கேட்கவும் தோன்றவில்லை. அக்கா கதவுப் பலகை ஒன்றை இழுத்து வந்தாள். இரண்டு பெண்களும் கீழிருந்து ஓடி வந்த இரண்டு பேரும் சேர்ந்து அவரை அதில் கிடத்திக் கீழே இறக்கினார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், அவரை உள்ளே கொண்டுபோன பிறகுதான் டிரைவரின் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரும்மா நீ? நல்லா இருப்பே. நீ மட்டும் வரலேன்னா..."

"நான் அவனோட அக்கா" என்றாள் அவள். "அடிச்சவனோட அக்கா."

டிரைவரின் மனைவி அவளை ஒரு கணம் வெறித்தாள். பிறகு அறைந்தாள். தினமும் விடுதிக்கே மாவு பிசைகிற கை அது. முதல் அறையில் காது அடைத்தது. இரண்டாவதில் உதடு கிழிந்தது. தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள், முதுகில் குத்தினாள். நர்ஸுகள் ஓடி வந்து பிரிக்கப் பார்த்தபோது, "விடுங்க, அடிக்கட்டும்" என்றாள் அக்கா. கையை உயர்த்தி ஒரு அடியையும் தடுக்கவில்லை. கடைசியில் டிரைவரின் மனைவியே சலித்து, அவள் தோள்மேலேயே சரிந்து, அடிவயிற்றிலிருந்து ஒரு ஓலமிட்டாள்.

இதற்குள் கடைப்பக்கம் வேறு நடந்துகொண்டிருந்தது. டிரைவரை இறக்க உதவியவர்களில் ஒருவனுக்கு அக்காவைத் தெரிந்திருந்தது. அவன் வழியாகச் செய்தி பரவி, கட்டட வேலைக்காரர்கள் கம்பியும் மண்வெட்டியுமாக வந்து சேர்ந்தார்கள். டிரைவர் அவர்களுக்கு வேண்டியவர். ஷட்டரைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கினார்கள். பல்லி உடைந்த காலோடு கட்டை வைத்த மேடைக்குக் கீழே ஒளிந்திருந்தான். இழுத்து வெளியே போட்டார்கள். பழைய வழக்கப்படி இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு, "அடிக்காதீங்க, வந்துடறேன்" என்றான். யாரும் கேட்கவில்லை. விலா எலும்புகள் உடைந்தன. ஒருவன் அவன் வலது கையைக் கட்டைமேல் விரித்து வைத்துச் சுத்தியலால் அடித்தான். போலீஸ் வந்தபோது அவன் முகம் எது, தலை எது என்று தெரியாமல் கிடந்தான். போலீஸ்காரர்கள் அவனோடு அந்தப் பையையும் எடுத்துப் போனார்கள். உள்ளே நான்கு குழாய்கள் இருந்தன, ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

டிரைவர் பிழைத்தார். வலது கண் போய்விட்டது. தாடையைக் கம்பி வைத்துக் கட்டினார்கள். விரல்கள் இரண்டு மடங்கியபடியே நின்றுவிட்டன. வழக்கு முடியும்வரை கஞ்சியைக் குழல் வைத்து உறிஞ்சினார்.

கோர்ட்டில் அதே நீதிபதியம்மா. பல்லி குற்றத்தை ஒப்புக்கொண்டான். வக்கீலுக்கு எதையும் மறுக்க இடமில்லை. டிரைவர் சாட்சிக் கூண்டில் ஏறிப் பேசியது பாதி புரியவில்லை. பக்கத்தில் நின்று அவர் மனைவி ஒவ்வொரு வாக்கியமாகத் திருப்பிச் சொன்னாள்.

"குழாயை வெச்சுட்டுப் போன்னு சொன்னாராம். அதுக்கப்புறம் அடிச்சானாம். ஒண்ணா உக்காந்து சாப்ட்டவன்னு சொல்றாரு. ஏன் அடிச்சான்னு கேக்கச் சொல்றாரு."

நீதிபதி குற்றவாளிக் கூண்டைப் பார்த்தார். "ஏன் அடிச்சே?"

"பத்து வருஷம்னு பயந்துட்டேன்மா."

நீதிபதி அதை எழுதிக்கொண்டார். பிறகு தீர்ப்பை வாசித்தார். திருட்டு, மூன்றாம் முறை, சட்டப்படி பத்து வருஷம். கொடுங்காயம் ஏற்படுத்தியது, அதில் இது முதல் குற்றம், ஐந்து வருஷம். இரண்டு தண்டனையும் ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்.

டிரைவரின் மனைவிக்குக் கடைசி வார்த்தை பிடிபடவில்லை. பக்கத்திலிருந்த போலீஸ்காரரிடம் கேட்டாள். "ஏககாலம்னா என்னங்க?"

"ரெண்டும் ஒண்ணா ஓடும்மா. பத்துக்குள்ளயே அஞ்சும் அடங்கிடும். மொத்தம் பத்துதான்."

"அப்ப என் வீட்டுக்காரர் கண்ணுக்கு?"

"அதான் சொன்னேனே, உள்ளயே அடங்கிடும்."

அவள் எழுந்தாள். "குழாய்க்குப் பத்து. கண்ணுக்கு ஒண்ணுமில்லயா? அந்த நாலு குழாயும் பத்திரமாத்தானே இருக்கு? அதோ அந்த மேசைமேல பளபளன்னு இருக்கு! என் வீட்டுக்காரரப் பாருங்க!" போலீஸ்காரர் கையை நீட்டுவதற்குள் கூண்டுக்குப் பாய்ந்துவிட்டாள். கம்பிகளுக்கிடையில் கைவிட்டுப் பல்லியின் முகத்தைப் பிறாண்டினாள். ஆறிக்கொண்டிருந்த புருவத் தையல் பிரிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. அவன் பின்வாங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை அவள் கைக்கு இன்னும் கொஞ்சம் கிட்டக் கொடுத்தான். மூன்று பேர் சேர்ந்து அவளை இழுத்துப் பிடித்தார்கள்.

"அம்மா" என்று பல்லி நீதிபதியைக் கூப்பிட்டான். சுத்தியலில் சிதைந்த கையால் ரத்தத்தைத் துடைத்தான். "மாத்திப் போடுங்கம்மா. கண்ணுக்குப் பத்து குடுங்க. குழாய்க்கு அஞ்சு குடுங்க. எனக்கு எப்படியும் அதே பத்துதான். அந்தம்மா மனசாவது ஆறும்."

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கண்ணுக்குப் பத்து என்னால குடுக்க முடியும். குழாய்க்கு அஞ்சு குடுக்க முடியாது. அதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல. கண்ணுக்கும் பத்து போட்டா, கண்ணும் குழாயும் ஒரே விலைன்னு ஆயிடும்." அவர் டிரைவரைப் பார்த்து, "உக்காருங்க, நின்னுட்டே இருக்கீங்க" என்றார். தீர்ப்பை மாற்றவில்லை. மத்தியானம் அவர் வேறு வழக்கு எடுக்கவில்லை என்று வக்கீல் பிறகு சொன்னார்.

ஆறு மாதம் கழித்து அக்கா அவனைப் பார்க்கப் போனாள். நடுவில் கம்பி வலை. அவன் நொண்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். உடம்பு தேறியிருந்தது. முன்பல் ஒன்று இல்லை. விரல் முட்டிகள் எல்லாம் தோலுரிந்து பொருக்குத் தட்டியிருந்தன.

"அடிக்கறாங்களாடா?"

"ஆரம்பத்துல அடிச்சாங்க. இங்க எல்லாம் கொலைக் கேஸுதானே. குழாய்க் கேஸுன்னா இளக்காரம். தட்டைப் பிடுங்கிக்குவானுங்க, பாயைப் பிடுங்கிக்குவானுங்க." கம்பி வலையில் விரலைக் கோத்தான். "ஒருநாள் ஒருத்தன் சோத்துத் தட்டுல துப்பினான். தட்டாலயே அவன் மூஞ்சில போட்டேன். மூக்கு உடைஞ்சுது. விழுந்தப்புறமும் விடல. அதுக்கப்புறம் ஒருத்தனும் கிட்ட வர்றதில்லக்கா."

பெருமையாகச் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. புது இடத்தில் வேலை பழகிக்கொண்டவன் சொல்வது மாதிரி இருந்தது. அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொள்கிற அந்தத் தம்பியைத் தேடினாள். அவன் முகத்தில் அவனைக் காணவில்லை.

"கால் வலிக்குதா?" என்று கேட்டாள்.

"மழை பெஞ்சா வலிக்கும்." கொஞ்சம் தயங்கினான். "டிரைவரு எப்படி இருக்காரு?"

"கண்ணு தெரியாத பக்கமா நின்னா திட்டுறாரு. அவங்க வீட்டுக்கு வாரம் ஒருதரம் போறேன். மொத ரெண்டு தடவை அந்தம்மா கதவைத் தொறக்கல. மூணாவது தடவை தொறந்தாங்க. உள்ள வான்னு சொல்லல. நின்னுட்டு வந்தேன்."

"ஏன்கா போறே?"

"போகாம?" என்றாள்.

நேரமாகிவிட்டது என்று காவலர் கம்பியைத் தட்டினார். பல்லி எழுந்தான். எழுந்த வேகத்தில் பக்கத்துக் கைதியின் தோள் அவனை உரசியது. அவன் சட்டென்று திரும்பிய விதத்தில், அந்தப் பெரிய உடம்புக்காரன் இரண்டு அடி பின்னால் நகர்ந்து வழிவிட்டான். அக்கா அதைப் பார்த்தாள். வெளியே வந்து, பேருந்து நிற்கும் இடம் வரை நடந்து, அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, இத்தனை மாதம் வராத அழுகையை அழுதாள்.